யார் பேச்சை யார் பேசுகிறார்? வசனத்துக்குள் மேற்கோள் எழுதும் முறை

சாலிகிராமத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. நான் அப்போது கடைசி உதவி இயக்குநர். சீன் பேப்பரைப் படியெடுப்பது, கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிராம்ப்ட் கொடுப்பது (நடிகருக்கு வசனத்தை எடுத்துக்கொடுப்பது), டீ வந்ததா என்று பார்ப்பது, மூன்றும் என் இலாகா. அன்றைக்குத் தங்கை தன் அம்மாவிடம் பேசும் காட்சி. பேப்பரில் இப்படி எழுதியிருந்தேன்:

செல்வி
அண்ணன் என்னை நம்பாதேன்னு சொல்லிட்டுப் போயிடுச்சும்மா.

கதைப்படி அண்ணன் கடனில் மூழ்கியவன். ஊரைவிட்டுப் போகும்போது தங்கையைப் பார்த்து, "என்னை நம்பாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். செல்வி அதைச் சொல்லி அழ வேண்டும். ஆனால் நடிகை அழவில்லை, கோபப்பட்டார். அண்ணன் அம்மாவிடம் போய் "செல்வியை நம்பாதே" என்று கோள் மூட்டிவிட்டான் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். கோபம் பிரமாதமாகத்தான் வந்தது. இயக்குநர் 'கட்' சொல்லிவிட்டு நடிகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நடிகை செய்ததில் தப்பே இல்லை. அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். 'என்னை' என்பது அண்ணனாகவும் இருக்கலாம், செல்வியாகவும் இருக்கலாம். பேனாவை எடுத்து இரண்டு குறி போட்டேன்:

அண்ணன் "என்னை நம்பாதே"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சும்மா.

மூன்றாவது டேக் ஓகே. கதை அத்தோடு முடியவில்லை. எடிட்டிங்கில் அந்தக் காட்சியைப் பார்த்த எடிட்டர், "அண்ணன் யாரை நம்ப வேணாம்னு சொன்னான்?" என்று கேட்டார். நான் போட்ட மேற்கோள் குறி பேப்பரிலேயே தங்கிவிட்டது. ஸ்பீக்கரில் குறி கேட்காது அல்லவா? கடைசியில் டப்பிங்கில்தான் சரிசெய்தோம். நல்ல வேளையாக அந்த ஷாட்டில் செல்வியின் முகம் பாதி திரும்பியிருந்தது, உதடு தெரியவில்லை. ஒரே ஒரு சொல்லைச் செருகினோம்:

அண்ணன், "என்னை நம்பாத தங்கச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சும்மா.

'தங்கச்சி' வந்ததும் குழப்பம் போய்விட்டது. செல்வி தன்னைத்தானே தங்கச்சி என்று கூப்பிட மாட்டாள், அம்மாவையும் கூப்பிட மாட்டாள். அப்படியானால் அது அண்ணன் வாய்ப்பேச்சுதான் என்று காது தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இத்தனை வருஷம் வசனம் எழுதியும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழில் மேற்கோளை மூடுவதற்கு ஒரு சொல் உண்டு: எழுத்தில் 'என்று', பேச்சில் 'ன்னு'. திறப்பதற்கு எதுவும் கிடையாது. நாடக மேடையோ சினிமாவோ, கேட்கிறவருக்கு மேற்கோள் எங்கே முடிந்தது என்று தெரியும், எங்கே தொடங்கியது என்று தெரியாது. வசனம் எழுதுகிறவரின் வேலை அந்தத் தொடக்கத்தைக் காதுக்குக் கேட்க வைப்பது. குறிகள் நடிகர், பிராம்ப்டர், டப்பிங் கலைஞர், சப்டைட்டில் போடுகிறவர் என்று நடுவில் நிற்கும் கண்களுக்காக.

முதலில் குறியை எங்கே போடக் கூடாது

சிறுகதை எழுதிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வசனத்தையும் மேற்கோளுக்குள் அடைத்துக்கொண்டு வருவார்கள். தேவையில்லை. மேலே பெயர் இருக்கிறது, கீழே இருப்பது அவர் பேச்சு, அவ்வளவுதான். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதும் நம் ஊர்ப் பழைய முறையிலும் இதே கதைதான்: வலது பக்கத்தில் இருப்பதெல்லாம் பேச்சு.

இதில் ஒரு வசதியும் உண்டு. நாவலில் பேச்சுக்கே இரட்டை மேற்கோள் போட்டுவிடுவதால் பேச்சுக்குள் வரும் பேச்சுக்கு ஒற்றைக் குறி போட வேண்டியிருக்கும். திரைக்கதையில் வெளிக் குறி இல்லாததால், வசனத்துக்குள் வரும் மேற்கோளுக்கு நேராக இரட்டைக் குறியே போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒற்றைக் குறிதான் பிடிக்கும் என்றால் அதையே போடுங்கள், ஆனால் முதல் சீனிலிருந்து கடைசி சீன் வரைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

'ன்னு'வை ஒட்டி எழுதுவது

மூடும் குறிக்கும் ன்னுவுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். விட்டால், வரி மடங்கும் இடத்தில் ன்னு மட்டும் அடுத்த வரிக்குப் போய் அநாதையாக நிற்கும். பிராம்ப்ட் கொடுக்கிறவர் வரி முடிவில் மூச்சு விடுவார், நடிகரும் விடுவார். "போறேன் ... ன்னு சொன்னார்" என்று ஒரு டேக் வீணாகும்.

மூடும் குறிக்கு முன்னால் முற்றுப்புள்ளி வேண்டாம். வாக்கியம் அங்கே முடியவில்லை, ன்னுவும் வினைச்சொல்லும் இன்னும் பாக்கி இருக்கின்றன. கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் மட்டும் விட்டுவிடுங்கள், அவை குரலை மாற்றுபவை: "எங்க போறே?"ன்னு கேட்டாரு. மேற்கோளுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டால் நடிகருக்கு ஒரு அரை நொடி கிடைக்கும். அந்த அரை நொடிதான் திறப்புக் குறியின் சத்தம்.

இப்போது திறப்பு. பேச்சில் நாம் தினமும் செய்வதைக் கவனித்தால் போதும். பக்கத்து வீட்டுச் சண்டையை விவரிக்கும் யாரையாவது கேளுங்கள்: "அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னா..." என்று ஆரம்பிப்பார். அது திறப்புக் குறி. இல்லாவிட்டால் "ஏய்", "இந்தா பாரு", "ஏன்டி" என்று விளித்துத் தொடங்குவார். அதுவும் திறப்புக் குறிதான், தங்கச்சி மாதிரி. இன்னும் நல்ல வழி ஊர்ப் பேச்சு. சென்னைப் பெண் ஒருத்தி மதுரை மாமாவைப் பற்றிச் சொல்கிறாள்:

கவிதா
மாமா போன் பண்ணாரு. "வெரசா வாத்தா"ன்னாரு. இப்பவே கிளம்பணும்.

'வெரசா வாத்தா' கவிதாவின் தமிழ் கிடையாது என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். குறியே இல்லாவிட்டாலும் புரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளே இருப்பது மாமாவின் தமிழ், ன்னு கவிதாவுடையது. மதுரைக்காரர் "வர்றேண்டு சொன்னான்" என்பார், யாழ்ப்பாணத்துக்காரர் "வாறன் எண்டு சொன்னவர்" என்பார். பாத்திரம் எந்த ஊரோ அந்த ஊர் 'என்று'தான் குறிக்கு வெளியே வர வேண்டும். இதை மாற்றிப் போட்ட ஸ்கிரிப்டுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று, குறியே வேண்டாத வழி: சொல்லின் கடைசியில் ஒட்டும் 'ஆம்'. "பணம் தர முடியாதுன்னு சொன்னார்" என்பது தகவல். "பணம் தர முடியாதாம்" என்றால் தகவலோடு ஒரு முகச்சுளிப்பும் சேர்ந்து வருகிறது. அடுத்தவர் பேச்சை நம்பாமல், கொஞ்சம் நக்கலாகச் சொல்ல இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. நக்கலுக்காக ஒரு சொல்லை மேற்கோளுக்குள் போடும் வழக்கம், அதாவது அவர் ஒரு "தியாகி" என்று எழுதுவது, திரைக்கதைக்குச் சரிப்படாது. நடிகர் காற்றில் இரண்டு விரலை ஆட்டிக் காட்டுவார். "இவரு பெரிய தியாகியாம்" என்று எழுதிவிடுங்கள்.

ன்னு வராமல் போனால்

வசனத்தைப் பாதியில் வெட்டுகிற இடங்களில் கவனம் வேண்டும். ன்னு கடைசியில்தான் வருகிறது என்பதால், அதற்கு முன்னால் வெட்டினால் மேற்கோள் மேற்கோளாகவே இருக்காது. இதைப் பாருங்கள்:

முருகன்
(போனில்)
சார், உங்களை இன்னிக்கு ராத்திரி முடிச்சிடுறேன் –

லைன் கட்டாகிறது.

முருகன் சொல்ல வந்தது "முடிச்சிடுறேன்னு ஒருத்தன் டீக்கடையில பேசிக்கிட்டு இருந்தான்" என்பது. எதிர்முனையில் இருக்கும் சாருக்குக் கிடைத்தது கொலை மிரட்டல். வேண்டுமென்றே இப்படி வெட்டினால் நல்ல சிரிப்போ நல்ல பதற்றமோ கிடைக்கும். தெரியாமல் வெட்டினால் பார்வையாளர்கள் அடுத்த பத்து நிமிஷம் முருகனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். தெரிந்து செய்வதாக இருந்தால், பேப்பரில் குறியைத் திறந்து மூடாமல் விடுங்கள்: சார், "உங்களை இன்னிக்கு ராத்திரி முடிச்சிடுறேன் – என்று. நடிகருக்கு இது வேறொருவன் பேச்சு என்று தெரிந்தால்தான் மிரட்டாமல் பயந்துபோய்ச் சொல்வார்.

நீளமான மேற்கோளுக்கும் இதே ஆபத்து உண்டு. நாலு வாக்கியம் கழித்து ன்னு வந்தால் அதற்குள் கேட்கிறவர் அதைப் பேசுகிறவரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் வினைச்சொல்லை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்: "டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு." அதற்கப்புறம் டாக்டர் பேச்சு. கடைசியில் ன்னுவே வேண்டாம்.

மேற்கோளுக்குள் மேற்கோள் வருவது பெரும்பாலும் கோர்ட் சீனில்தான். "நீங்க, 'அவர் "கொன்னுடுவேன்"னு சொன்னார்'னு வாக்குமூலம் குடுத்திருக்கீங்க" என்று வக்கீல் பேசுவதாக எழுதினால் இலக்கணம் சரி, வாய் சுளுக்கிக்கொள்ளும். இரண்டு ன்னுவில் ஒன்றை உடையுங்கள்: "'கொன்னுடுவேன்.' இது அவர் சொன்ன வார்த்தைன்னு நீங்க வாக்குமூலம் குடுத்திருக்கீங்க." முதலில் அந்தச் சொல், பிறகு அது யாருடையது. ஒரு குறிதான் மிஞ்சும், வக்கீலுக்கு ஒரு நல்ல இடைவெளியும் கிடைக்கும்.

கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் நோட்

கடிதம் படிக்கும் காட்சி எழுத எனக்குப் பிடிக்கும். தமிழில் எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு என்பதால், படிக்கும் வரியும் சொந்தமாகச் சொல்லும் வரியும் தாமாகப் பிரிந்துவிடும்.

கதிர்
(படிக்கிறான்)
"அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல். நம் வீட்டை விற்றுவிட்டேன்."
(நிமிர்ந்து)
வித்துட்டாராம்.

அம்மா
மேல படி.

கதிர்
"உன் பங்கைத் தை மாதம் அனுப்பி வைக்கிறேன்."
எந்தத் தை மாசம்னு போடல.

'விற்றுவிட்டேன்' கடிதம், 'வித்துட்டாராம்' கதிர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும். படிக்கும் பகுதிக்கு மட்டும் குறி போடுங்கள், நடுவில் சொந்தப் பேச்சோ வேறொருவர் பேச்சோ குறுக்கிட்டால் குறியை மூடி, மறுபடி திறங்கள். (படிக்கிறான்) என்பதை ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்லை, முதல் தடவை போதும், குறி பார்த்துக்கொள்ளும். கடித வாசகத்தைப் பேச்சு நடைக்கு மாற்றி 'இயல்பாக்க' யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். அந்த விறைப்பில்தான் அண்ணனுடைய குற்றவுணர்வு இருக்கிறது.

கதிர் படிக்கத் தொடங்கி, அண்ணன் குரலுக்கு மாறுவதாக இருந்தால் பெயரை மாற்றி 'அண்ணன் (வாய்ஸ் ஓவர்)' என்று போட்டுவிட்டுக் குறிகளை எடுத்துவிடுங்கள். இப்போது பேசுவது அண்ணனே, அவர் தன்னையே மேற்கோள் காட்டவில்லை. வாய்ஸ் நோட்டுக்கும் இதே முறைதான். போனிலிருந்து வந்தாலும் அது அவர் குரல், குறி வேண்டாம்.

வாட்ஸ்அப் மெசேஜில் கடிதத்தின் வசதி கிடையாது. ஜனங்கள் பேசுகிற மாதிரியேதான் டைப் அடிக்கிறார்கள், அதனால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. பாத்திரம் அதை உரக்கப் படிப்பதைக் கூடிய மட்டும் தவிர்த்து, காட்சி விவரிப்பில் எழுதுங்கள்: போன் திரையில்: "வீட்டுக்கு வராத". அது வசனம் ஆகாது, கண்ணால் படிப்பது. போன் திரையில் சரியாக என்ன எழுத்து தெரிய வேண்டுமோ அதைக் குறிக்குள் எழுத்துக்கு எழுத்து கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் ஸ்பாட்டில் யாரோ ஒருவர் தம் கையில் வந்ததை டைப் அடிப்பார். நான் திருத்தாமல் விட்ட ஒரு படத்தில் 'அப்பா சீரியஸ்' என்று வர வேண்டிய மெசேஜ் ஒரு சிரிப்புப் பொம்மையோடு வந்தது.

குறளும் பழமொழியும் பாட்டும்

வாத்தியார் பாத்திரம் குறள் சொல்கிறார். எழுதுகிறவர் புத்தகத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு.

அச்சில் இது சரி. முதல் அடி நாலு சீர், இரண்டாம் அடி மூன்று சீர் என்று வெண்பாக் கணக்குக்காகச் சொல்லைச் சீராக உடைத்திருக்கிறார்கள். நடிகர் கையில் இது போனால் 'யாகாவா' என்று சொல்லி நிறுத்தி, 'ராயினும்' என்று ஒரு புது ஆளை அறிமுகப்படுத்துவார். வசனப் பேப்பருக்குச் சொல்லைப் பிரித்து, மூச்சு விழும் இடத்தில் வரியை மடக்குங்கள்:

வாத்தியார்
"யாகாவார் ஆயினும் நா காக்க;
காவாக்கால் சோகாப்பர்
சொல்லிழுக்குப் பட்டு."

வசனப் பத்தி குறுகலானது, நாலு சீர் ஒரு வரியில் எப்படியும் அடங்காது. கணினி மடக்கும் இடத்தில் விடுவதைவிட நாமே மடக்குவது நல்லது. குறி தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, வரிக்கு வரி வேண்டாம்.

பாத்திரம் குறளைத் தப்பாகச் சொல்வதுதான் நகைச்சுவை என்றால், அடைப்புக்குறிக்குள் (தப்பாகச் சொல்கிறான், அப்படியே இருக்கட்டும்) என்று கட்டாயம் போடுங்கள். குடிகாரன் ஒருவன் இரண்டு குறளை ஒட்டுப்போட்டுச் சொல்வதாக நான் எழுதியிருந்தேன். டப்பிங் தியேட்டரில் தமிழ்ப் பற்றுள்ள ஒருவர் அதைத் திருத்திவிட்டார். படத்தில் அந்தக் குடிகாரன் சுத்தமாகக் குறள் சொல்கிறான், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

பழமொழிக்குக் குறி வேண்டாம். போட்டால் மேடைப்பேச்சுத் தொனி வந்துவிடும். "ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன்" என்று பேச்சோடு பேச்சாகக் கரைந்து வர வேண்டும். பாத்திரம் முணுமுணுக்கும் பாட்டு தனி விவகாரம். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு, சினிமாப் பாட்டு என்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் பேச வேண்டும். அனுமதி உறுதியாகும் வரை வரியை எழுதாமல், 'பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி' என்று காட்சி விவரிப்பில் நிறுத்திக்கொள்கிறேன்.

கணினியில் அடிக்கும்போது

சாய்வெழுத்தும் அடிக்கோடும் ஆங்கில ஸ்கிரிப்டில் அழுத்தம் காட்ட உதவும். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போகிற மாதிரி இருக்கும், அடிக்கோடு போட்டால் ரு, ழு மாதிரி எழுத்துகளின் வாலை வெட்டிக்கொண்டு போகும். மேற்கோளுக்குக் குறி, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, இரண்டு போதும்.

பவுண்டன் (Fountain) என்ற திரைக்கதை எழுதும் முறையில் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2012இல் வந்த அந்த முறை, முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் வரியைப் பாத்திரத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? பெயருக்கு முன்னால் @ போட வேண்டும்: @செல்வி. போடாவிட்டால் பெயரும் வசனமும் காட்சி விவரிப்போடு ஒன்றாகக் கலந்துவிடும். பாட்டு வரிக்கு முன்னால் ~ போட்டால் அது பாட்டு என்று தெரிந்துகொள்ளும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த சீன்களை யூனிகோடுக்கு மாற்றினால் நிறுத்தக்குறிகளை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி, காற்புள்ளி விசை 'இ'. அரைகுறையாக மாறிய பக்கத்தில் எது குறி, எது எழுத்து என்று தேடுவதற்குப் புதிதாக அடித்துவிடலாம்.

தமிழ் படிக்கத் தெரியாத நடிகருக்கு வசனத்தை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுப்போம். அவசரத்தில் முதலில் காணாமல் போவது மேற்கோள் குறிதான். அர்த்தம் தெரியாதவருக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும், அதனால் அந்தப் பேப்பரில் மட்டும் மேற்கோள் பகுதியை வேறு நிற மையில் எழுதிவிடுவேன். சப்டைட்டில் போடுகிறவருக்கும் குறியோடு இருக்கும் பிரதியையே அனுப்புங்கள். செல்வியின் வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'என்னை' யார் என்று முடிவு செய்யாமல் அவரால் ஒரு சொல் எழுத முடியாது.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். அத்தை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்று சீனை உரக்கப் படிப்பேன். நடிக்க மாட்டேன், வெறுமனே படிப்பேன். அவர் பேப்பரைப் பார்ப்பதில்லை. திடீரென்று கத்தியை நிறுத்தி, "இரு, இது யாரு சொன்னது?" என்று கேட்டால் அந்த வரியில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு என் மேசைக்குத் திரும்புவேன். போன வாரம் ஒரே சீனில் நாலு வட்டம்.